அவசரமில்லாமல் கட்டிய காம்பரா

ஒரு மொழியை அறவே தெரியாதவனால் யாருக்கும் பெரிய ஆபத்து கிடையாது. அவன் வாயைத் திறக்கமாட்டான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் வில்லங்கம் பிடித்தவன். எனக்குச் சிங்களம் அரைகுறையாகத் தெரியும்.

பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் (படித்தது என்பது மரியாதைக்குச் சொல்வது). மீசை சரியாக முளைப்பதற்கு முன்பே கட்டாருக்குப் போய் ஏசி மெக்கானிக் ஆகிவிட்டேன். அங்கே ஹிந்தி பழகினேன், மலையாளம் பழகினேன், முதலாளி திட்டுவது புரியும் அளவுக்கு அரபியும் பழகினேன். சொந்த நாட்டுச் சிங்களம் மட்டும் மரக்கறிச் சந்தையையும் பஸ் கொண்டக்டரையும் தாண்டி வளரவே இல்லை. ஆனால் அப்படி நான் நினைக்கவில்லை. யார் கேட்டாலும் "நல்லா பேசுவேன்" என்றுதான் சொல்வேன்.

ஊருக்குத் திரும்பியதும் பதுளை டவுனுக்குச் சற்று வெளியே, ரோட்டோரமாக ஒரு சின்ன வீடும் அதை ஒட்டிக் கொஞ்சம் வெறும் நிலமும் வாங்கினேன். ஃபிரிஜ் திருத்தும் கடை ஒன்றும் போட்டேன். எங்கள் பரம்பரையில் காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் ஏறிய முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில்தான் சமையல், படுக்கை, சாமி, சண்டை எல்லாம். மழைச் சாரல் அடுப்பை அணைக்கிறது என்று அம்மா புலம்பியதால், முன்பக்கத்து இஸ்தோப்பை, அந்தத் திறந்த திண்ணையை, மறைத்து ஒரு தகரம் அடிக்க அப்பா ஆசைப்பட்டார். அதற்குத் தோட்டத்து ஆபீசில் கேட்க வேண்டும். திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் நின்றார். "பார்ப்போம்" என்றார்கள். அம்மா சாகும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

அதனால்தான் உறுதியைக் கையில் வாங்கி வந்த அன்று மனைவி சாந்தியிடம் சொன்னேன்.

"இனி ஒரு ஆணி அடிக்க நாம எவன்கிட்டயும் போய் நிக்கத் தேவையில்ல."

"ஆணிக்குத் தேவையில்லதான்," என்றாள் சாந்தி. அவள் பதுளை பஜாரில் பிறந்து வளர்ந்தவள். பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை. சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதற்கு மேலும் ஏதோ சொல்ல வந்தாள். நான் விடவில்லை.

அந்த வருடம் மழையில், லயத்துக்குக் கீழே கக்கூசுக்கு இறங்கும் வழியில் அப்பா வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் முழங்கால் பழையபடி ஆகவே இல்லை. எங்களோடு வந்து இருங்கள் என்று கெஞ்சினோம். எனக்கும் சாந்திக்கும் எங்கள் சின்ன மகளுக்கும் இருந்தது இரண்டே அறை. "மருமக பொழங்குற ஹோல்ல நான் எப்புடிக் காலை நீட்டிப் படுக்கறது?" என்று கேட்டு மறுத்துவிட்டார். சரி, வீட்டை ஒட்டி அவருக்கென்று ஒரு விசாலமான அறையும் உள்ளேயே ஒரு கக்கூசும் கட்டிவிடுவோம், அடுத்த மழைக்கு முன்னால் அவரைக் கூட்டி வந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். யாரைக் கேட்க வேண்டும்? என் நிலம், என் காசு, என் அப்பா.

ஹல்துமுல்லையிலிருந்து செல்வம் பாஸ் என்ற கொத்தனார் வந்தார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தபோது ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அவசர தியனவாத?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தியனவாத என்றால் இருக்கிறதா. அவசரம் இருக்கிறதா என்று கேட்கிறார். முன்பின் தெரியாத மனிதர், போகிற வழியில் வண்டியை நிறுத்தி, வேலை அவசரமா என்று விசாரிக்கிறார். அரசாங்க உத்தியோகத்தர்களைப் பற்றி ஊரில் எவ்வளவு தப்பாகப் பேசுகிறார்கள் என்று வருத்தமாகக்கூட இருந்தது.

"அவசர நே மஹத்தயா," என்றேன். அவசரம் இல்லை ஐயா.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சிங்களம் நன்றாகப் பேசுகிறவன் அப்படி இரண்டு வார்த்தையில் நிறுத்துவானா? "ஹெமின் ஹெமின் ஹதனவா" என்றும் சேர்த்துக்கொண்டேன். மெதுமெதுவாகத்தான் கட்டுகிறேன்.

அவர் முகம் மாறியது. அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டார். பாவம், காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து நானும் உரக்கச் சொன்னேன்.

"அவசர மொகட்டத மஹத்தயா? மகே இடம நே."

அவசரம் எதற்கு ஐயா, என் நிலம்தானே. சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படியும் சைகை காட்டினேன். அவர் பதில் சொல்லாமல் போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார். நான் ஓடிப்போய்ச் சுவரில் ஒரு கையை ஊன்றி, நன்றாகச் சிரித்தபடி நின்றேன். அதையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து செல்வம் பாஸ் என்னைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிட்டது. அண்ணே என்று கூப்பிடும்போது குரலில் ஒரு பணிவு. தேத்தண்ணிக் கடையில் எனக்கு இடம் விட்டார்கள். "சபைக்காரன் மூஞ்சிக்கு நேராவே கேட்டீங்களாமே" என்றார் ஒருவர். என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் "பின்ன என்ன" என்று சொல்லி வைத்தேன்.

கொஞ்ச நாளில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. முழுக்கச் சிங்களம். சாந்தி வாசித்துச் சொன்னாள்.

"அனுமதி எடுக்காம கட்டினதாம். வேலைய நிப்பாட்டணுமாம். ரோட்டுப் பக்கத்துச் சுவர் கட்டட எல்லையத் தாண்டி வந்திருக்காம். நான் வேணும்னா வந்து பேசவா?"

"நீ சும்மா இரு. அந்த மனுஷன் எனக்குப் பழக்கம். நானே பேசிக்கிறேன்."

போனேன். சபை ஆபீசில் பழக்கமான அந்த மனிதர் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். இன்னொருவர் அடுத்த மேசையைக் காட்டினார். அடுத்த மேசை மாடியைக் காட்டியது. மாடியில் இருந்தவர் வெளிக்கள வேலைக்குப் போயிருந்தார். பொதுமக்கள் தினத்தில் வரச் சொன்னார்கள். அந்த நாளில் போனால் பொதுமக்கள் எல்லோரும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். அங்கே தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார். நான் போகிற நாட்களை எப்படியோ தெரிந்துகொண்டு அவர் லீவு போட்டார். ஒரு தடவை இரண்டு கிளார்க்குகள் என்னைக் காட்டித் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். நான் தமிழன் என்பதால்தான் இந்தப் பாடு என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். அந்தக் கோபத்துக்கு வேறு எத்தனையோ நாட்களில் நியாயம் இருந்திருக்கிறது. அந்த விஷயத்தில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூரையில்லாத சுவர்களில் பாசி படர்ந்தது. அப்பா போனில் கேட்பார்.

"கூர போட்டாச்சா?"

"சீமெந்து காயணும்ப்பா."

அடுத்த வாரமும் சீமெந்து காய வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரமும். ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் உழைத்த மனிதருக்குச் சீமெந்து காய எத்தனை நாள் பிடிக்கும் என்று தெரியாதா? தெரிந்தும் "சரிப்பா, காயட்டும்" என்பார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் குடை. காலைத் தாங்கித் தாங்கி நடந்து, வீட்டுக்குள்கூட வராமல் நேரே அந்தச் சுவரின் முன்னால் போய் நின்றார். நோட்டீஸ் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"சும்மா ஒரு தாள்ப்பா. சபையில ஒட்டிட்டுப் போனது."

அப்பாவுக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம எடத்துலயும் கேக்கணுமா?"

நான் நனைந்த தாளின் நுனியைச் சுவரோடு அழுத்தி ஒட்டினேன்.

"இங்கயும் பாப்போம்னுதான் சொன்னாங்களா?"

அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாந்தி போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அந்த மழையிலேயே லயத்துக்குத் திரும்பிவிட்டார். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து சாந்தியிடம் கேட்டேன், "நாளைக்கு லீவு போட்டுட்டு என்கூட வாறியா?" முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உத்தியோகத்தர் இந்த முறை எழுந்து போகவில்லை. சாந்தி பேசிய சிங்களத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. அவர் கோப்பைத் திறந்தார். முதல் தாளிலேயே, சுவரில் கை ஊன்றிச் சிரித்தபடி நான். அதைத் தட்டித் தட்டி அவர் நீளமாக ஏதோ சொன்னார். சாந்தி கேட்டுக்கொண்டே வந்தவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அன்னைக்கு இவருகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"அவசரம் இல்லன்னு சொன்னேன். மெதுவாத்தான் கட்டுறேன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன்."

"அவசரன்னா சிங்களத்துல என்னன்னு தெரியுமா?"

"அவசரம்."

"அனுமதி," என்றாள்.

நான் அந்தக் காலை நேரத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அனுமதி இருக்கிறதா என்று கேட்ட அதிகாரியிடம், அனுமதி இல்லை, மெதுமெதுவாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சிரித்திருக்கிறேன். அவர் மறுபடி கேட்டபோது, அனுமதி எதற்கு, என் நிலம்தானே என்று கத்தியிருக்கிறேன். அதற்குமேல் தேத்தண்ணிக்கு அழைத்து, செய்த குற்றத்தின் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்திருக்கிறேன்.

சாந்தி விளக்கினாள். உத்தியோகத்தர் நம்பவில்லை. தமிழில் அவசரம் என்றால் சிங்களத்தில் வேகத்தைச் சொல்லும் 'ஹதிசி'யா, நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் அதற்கடுத்த மேசைக்குச் சொன்னார். விஷயம் மாடிக்குப் போனது. இத்தனை நாள் நான் ஏறி இறங்கிய வழியில் அது ஒரே நிமிடத்தில் ஏறியது. எல்லோரும் சிரித்தார்கள். சாந்தி தலையைக் குனிந்திருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. நானும் சிரிக்கப் பார்த்தேன். அப்பா குடையோடு நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது.

சிரித்து முடித்தார்கள். கோப்பு அப்படியே இருந்தது. என் அப்பாவின் முழங்காலைப் பற்றிச் சாந்தி சொன்னபோது உத்தியோகத்தர் முழுவதும் கேட்டார். முறையாகப் படம் வரைந்து விண்ணப்பியுங்கள், கிடப்பில் போடமாட்டேன் என்றார். அபராதம் உண்டு. ரோட்டுப் பக்கத்துச் சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும், அதில் தான் செய்ய ஒன்றுமில்லை என்றார். சொன்னபடி கிடப்பில் போடவுமில்லை, சுவரை விடவுமில்லை.

"நீங்க வேணும்னுதான் அப்புடிப் பேசுறீங்கன்னு நெனச்சேன் அண்ணே," என்றார் செல்வம் பாஸ், தான் கட்டிய சுவரைத் தானே இடித்துக்கொண்டு. "ஊரெல்லாம் வேற சொல்லிட்டேன்." அதன்பின் தேத்தண்ணிக் கடையில் எனக்கு யாரும் இடம் விடவில்லை.

சுவர் உள்ளே தள்ளி வந்தது. கக்கூசுக்கும் இடம் விட்டாயிற்று. மிஞ்சிய அறையை பாஸ் அளந்து சொன்னபோது நான் நம்பாமல் நாடாவை வாங்கி நானே பிடித்துப் பார்த்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி.

தை பிறந்ததும் அப்பா வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"நம்ம காம்பரா மாதிரியே இருக்கு," என்றார்.

கட்டாரில் அத்தனை வருடம் வெயிலில் வெந்தது அப்பாவை மறுபடி ஒரு காம்பராவில் கொண்டுவந்து வைக்கவா என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு திறந்தார். ஒரு கையில் லயத்திலிருந்து கொண்டு வந்த கதிர்காம முருகன் படம், மறு கையில் ஆணியும் சுத்தியலும். சாந்தி அவரிடம் எல்லாக் கதையும் சொல்லியிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பா அதிகம் சிரிக்காத மனிதர். அப்போதும் சிரிக்கவில்லை.

"அவசர தியனவாத?" என்று கேட்டார்.

படத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவசரம் இல்லப்பா. மெதுவா அடிங்க."

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. என் மகள் தர்ஷி அந்த அறை வாசலில் நின்று "தாத்தா, அவசர தியனவாத?" என்று சிங்களத்தில் கேட்பாள். "அவசரம் இல்லம்மா, மெதுவா வா" என்று தாத்தா தமிழில் சொல்வார். விருந்துக்கு வருகிறவர்களிடம் கதை முழுவதையும் சொல்லி, நான் போஸ் கொடுத்ததை நடித்தும் காட்டுவாள்.

போன மார்கழியில் அப்பா போய்விட்டார். முருகன் அவர் அடித்த ஆணியிலேயே இருக்கிறார். இப்போது நான்தான் சில நேரம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். தர்ஷி பழக்கதோஷத்தில் வாசலில் நின்று கேட்கிறாள், கேட்டுவிட்டு உள்ளே வராமல் காத்திருக்கிறாள். பதிலை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"அவசரம் இல்லம்மா. மெதுவா வா."