போர்வை மலையும் நைட்டியில் நானும்

என்னைப் போன்ற கூச்சக்காரர்களுக்குத் திரைக்குப் பின்னால்தான் தைரியம் வரும். அதை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். அண்ணாமலை அடிவாரத்து வேங்கிக்காலில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். புது ஆள் அளவு கொடுக்க வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். எங்கள் தெருமுனை நூலகத்தில் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் போடப் போவதாகச் சொல்லி, நூலகர் மாலதி என்னிடம் கைப்பொம்மைகள் தைக்கச் சொன்னாள். மீந்த துணியில் தைத்துக் கொடுத்தேன். அதோடு விட்டதா? பொம்மை ஆட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று ஆட்டத்தன்று காலை மாலதி ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்களே ஆட்டிடுங்க."

"ஐயோ, நாலு பேர் பாத்தாலே நான் எந்திரிச்சு ஓடிடுவேம்மா."

"ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, சத்தியமா. நீங்க மறைவா உக்காந்துக்கப் போறீங்க, அவ்ளோதான்."

அந்தச் சத்தியத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். (யாரும் பார்க்கப் போவதில்லையே என்று புடவைகூட மாற்றவில்லை. நைட்டி, மேலே ஒரு துண்டு.)

கூடத்தின் நடுவில்தான் மின்விசிறி. அதனால் மேஜையும் நடுவில். மேஜைமேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, பழுப்புப் போர்வையைத் தரைவரை போர்த்தினோம். மலை தயார். உச்சியில் பேட்டரி விளக்கு வைக்கலாம் என்றது நான். அப்போதே என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அம்மாவைத் தொலைத்த ஆட்டுக்குட்டியின் கதை. ஒரு கையில் குட்டி, மறு கையில் காக்கா. போர்வைக்குப் பின்னால் மண்டியிட்டு வெளுத்து வாங்கினேன். முன்வரிசையில் என் வீட்டுக்காரர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கம்மா மலைக்கு அந்தாண்ட இருக்காங்க!" என்றது காக்கா.

ஒரு சிறுமி எழுந்தாள். "வாங்கடா, சுத்திப் போய்ப் பாக்கலாம்!"

வேறு ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்தே பார்த்திருப்பார்கள். எங்கள் ஊரில் மலையையும் மேலே விளக்கையும் காட்டினால் கால் நிற்குமா? "அரோகரா!" என்று மொத்தக் கூட்டமும் கிளம்பியது. இரண்டு அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சத்தம் என் வலப்பக்கமாக நெருங்கியது. அதே பக்கம் இரண்டடியில் புத்தகக்கட்டு வைக்கும் அறை, கதவு திறந்தே கிடந்தது. புகுந்திருக்கலாம். ஆனால் அது எதிர்ச்சுற்று ஆயிற்றே! அண்ணாமலையை இடமாகச் சுற்றிப் பழக்கமில்லாத உடம்பு, போர்வை மலைக்கும் அதே மரியாதையைக் கொடுத்தது. இடப்பக்கம் திரும்பி, இரண்டு கையிலும் பொம்மையோடு முட்டிக்காலிலேயே வலம் வந்தேன்.

வந்து நின்ற இடம் முன்வரிசை. நைட்டி, துண்டு, ஆடு, காக்கா எல்லாம் சேர்ந்து.

"ஏன்டி, நீயும் கெளம்பிட்டியா?" என்றார் வீட்டுக்காரர், படம் பிடிப்பதை நிறுத்தாமலே.

பின்னாலேயே சுற்றி வந்த சிறுமி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டேய், இவங்கதான்டா ஆட்டோட அம்மா!"

எல்லாப் பிள்ளைகளும் என் வாயையே பார்த்தார்கள். வேறு வழி? "மே..." என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இன்றும் அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஆட்டம்மா. கடைத்தெருவில் கூப்பிட்டால் "மே" சொல்லாமல் நகர முடியாது. வீட்டுக்கு விருந்தாளி வந்ததும் நான் சமையலறையில் பதுங்கினால், என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கத்தைக் காட்டுவார்.

"அப்படியே வலமா சுத்தி வாங்க. அந்தாண்டதான் இருப்பா."