இடுப்பளவு தண்ணீரில் ஒரு சம்பந்தப் பேச்சு

இணுவில்,
செவ்வாய்க்கிழமை.

என்றும் மதிப்பிற்குரிய குணலட்சுமி அக்காவுக்கு,

தம்பி நாகேந்திரம் எழுதிக்கொள்வது. கந்தசுவாமியார் கிருபையால் நானும் உதயகலாவும் மகள் ஆரணியும் சுகம். அங்கே ரொறன்ரோவில் உங்கள் சுகத்தையும், அத்தாரின் சீனி வருத்தம் எந்த மட்டில் நிற்கிறது என்பதையும் அறிய ஆவல். தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் நான் "அக்கா" என்று தொடங்கினால் மிச்சத்தை நீங்களே கதைத்து முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அதற்கு வழியில்லை. வியாழக்கிழமை அங்கே பயணப்படும் அயல்வீட்டுக் கஜானனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசிக்கவும்.

ஆரணி குருநகர்ப் பெடியன் எமில்ராஜை விரும்புகிறாள் என்ற செய்தி இணுவிலுக்கு வருமுன் ரொறன்ரோவுக்கு வந்து, நீங்கள் எங்களுக்குச் சொல்லி, நாங்கள் திகைத்து, கடைசியில் நீங்கள் சொன்னபடியே போன சனிக்கிழமை காலை அவனுடைய தகப்பன் பேதுருவைக் காணக் குருநகர் போனேன். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிய மூன்று வசனங்களும் சேட்டுப் பொக்கற்றில் இருந்தன. "எங்களுக்கு உங்களோடு பகை ஒன்றும் இல்லை. நாங்கள் சைவம், நீங்கள் கிறிஸ்தவ வேதம். ஆகையால் இந்தப் பேச்சு இத்தோடு நிற்கட்டும்." அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தால் மனம் இளகிவிடும், வாயில் வைக்காதே என்ற உங்கள் கட்டளையும் நினைவில் இருந்தது.

பேதுரு இறங்குதுறையில் படகோடு நின்றார். என்னைவிட இரண்டு வயது கூடியவராக இருக்கலாம். ஆனாலும் என்னை அவர் அண்ணை என்றார், அவரை நான் அண்ணை என்றேன், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. "வீட்டை வேண்டாம் அண்ணை. மனுசி நிண்டா எங்களைக் கதைக்க விடமாட்டா. போட்டிலை ஏறுங்கோ, ஆளில்லாத இடத்திலை ஆறுதலாக் கதைப்பம்" என்றார். நான் கடலில் போனது நயினாதீவுக்கு மட்டும், அதுவும் அம்மன் பார்த்துக்கொள்வா என்ற துணிவில். ஆனால் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வரும், படகில் வராது. அதனால் ஏறினேன். இதுவரை என் பக்கம் பிழை இல்லை என்பதைக் கவனிக்கவும்.

மண்டைதீவுப் பக்கமாகக் கால் மணித்தியாலம் ஓடியிருப்போம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்கு உங்களோடை பகை" என்ற மட்டும் சொன்னேன், படகு எதிலோ மோதியது. எஞ்சின் ஒருமுறை துள்ளிவிட்டு வீணாக இரைந்தது. படகின் அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே வந்த தண்ணீர் என் செருப்பு இரண்டையும் மிதக்க விட்டது. "குதியுங்கோ!" என்றார் பேதுரு. குதித்தேன் அக்கா. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உங்களையும் சேர்த்து எல்லாரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு, ஒரு பதிகத்தில் பாதிவரை பாடியும்விட்டேன். அப்போது பக்கத்தில் பேதுருவின் குரல்: "அண்ணை, எழும்பி நில்லுங்கோ. இடுப்பளவுதான் தண்ணி."

எழும்பி நின்றேன். பதிகத்தை இடையில் விடக்கூடாது என்பதால் நின்றபடியே மிச்சத்தையும் பாடினேன். முடியும்வரை பேதுரு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

பிறகு, மோதியது என்னவென்று காலால் தடவிப் பார்த்தேன். நீண்ட கைபிடி, பல்லுச் சில்லு. முப்பது வருடம் வெங்காயத் தோட்டத்தில் அதன் பின்னால் நடந்தவனுக்குத் தெரியாதா? லான்ட்மாஸ்ரர். இரண்டு சில்லு உழவு மெசின். "கடலுக்கை ஆரண்ணை உழுதவன்?" என்று கேட்டேன். "சண்டைக்காலத்திலை ஆரோ தோணியிலை ஏத்திக்கொண்டு போகேக்கை விழுத்தியிருப்பான்" என்றார்.

பொக்கற்றில் இருந்த தாள் கரைந்துவிட்டது. ஆகவே மூன்று வசனத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பேதுருவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! நானும் உதைச் சொல்லத்தான் அண்ணை உங்களை ஏத்தினனான். பிரான்சிலை இருக்கிற எங்கடை அக்கா இந்தக் கலியாணம் வேண்டாமெண்டிட்டா." அவருக்கும் ஒரு அக்கா இருக்கிறா, அக்கா. அத்தோடு கைகொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் எனக்கு ஏதோ செய்தது. "என்ரை பிள்ளையை வேண்டாமெண்ட உங்கடை அக்கா ஆர்? பிள்ளை கோப்பாயிலை சயன்ஸ் படிப்பிக்கிறா. ஒருத்தரோடையும் குரல் உயர்த்திக் கதைக்கமாட்டா" என்றேன், குரலை உயர்த்தி. "அப்ப என்ரை பெடியனுக்கு என்ன குறை? ஆஸ்பத்திரியிலை நேர்ஸ். ஒரு சிகரட் பத்தமாட்டான். அவனை வேண்டாமெண்ட உங்கடை அக்கா ஆர்?" என்றார் அவர். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை.

இப்படி ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில், "என்ரை பிள்ளையை நீங்கள் எடுக்கத்தான் வேணும்!" என்று மேசையில் அடிப்பதுபோலத் தண்ணீரில் அடித்தேன். "என்ரை பெடியனை நீங்கள் வேண்டாமெண்ண ஏலாது!" என்று அவரும் அடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டோம். இருவரும் சொல்வது ஒன்றுதான் என்று அப்போதுதான் விளங்கியது.

அதன்பின் வேலை சுறுக்காக நடந்தது. எஞ்சின் விசிறியைத் தண்டோடு பிடித்திருக்கும் ஊசி முறிந்திருந்தது. மாற்று ஊசி அவரிடம் இல்லை. என்னிடம் நீங்கள் கனடாவிலிருந்து அனுப்பிய குடை இருந்தது. தண்ணி இறைக்கும் மெசினில் இந்த மாதிரி வருத்தங்களை எத்தனை பார்த்திருக்கிறேன்? குடைக்கம்பி மூன்றை முறுக்கிச் செருகினேன். அது நூறு யார் ஓடி முறிந்தது. இன்னும் மூன்று முறுக்கினேன். குடை போய்விட்டது, மன்னிக்கவும். வெடிப்புக்குள் முதலே என் வேட்டியைத் திணித்து, தண்ணீரை இறைத்திருந்தோம். ஆகவே குருநகர் இறங்குதுறையில் நான் பேதுருவின் மாற்றுச் சாரத்தோடு இறங்கியதை நாலுபேர் கண்டார்கள். அவர்களில் ஒருவர் உங்களுக்கு ஏற்கனவே அறிவித்திருக்கக்கூடும். பேதுருவின் மனைவி இராசாத்தி என் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேளாமல் தேத்தண்ணி தந்தா. மூன்று தரம் குடித்தேன். நண்டுக்கறியும் இருந்தது. அன்று சனிக்கிழமை, நான் மச்சம் தொடாத நாள் என்பது எனக்குத் தெரியும்.

சுருக்கமாக, ஆவணியில் கலியாணம். காலையில் கோயில், பின்னேரம் சேர்ச், இரவு மண்டபம். மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. நீங்கள் கோபிப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் நீங்கள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. அத்தாரையும் கூட்டிக்கொண்டு வந்து, பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வேண்டும். அத்தாருக்கு என் வணக்கம். மருமக்களுக்கு அன்பு. உங்கள் காலைத் தொட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
நாகேந்திரம்

பிற்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஆரணி இதை எடுத்து வாசித்தாள். நின்றபடியே கடைசிவரை வாசித்துவிட்டு, "அப்பா, நானும் எமிலும் பங்குனியிலையே விட்டிட்டம். சரிவரேல்லை. நீங்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தனீங்கள், என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள். அழவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்று தாயிடம் சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். உடனே பேதுருவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் அதை இராசாத்திக்கு உரத்துச் சொல்வது கேட்டது. பிறகு, "ஆரைக் கேட்டு விட்டவை?" என்றார். எனக்கும் அதே மனவருத்தம்தான் என்றேன். ஆகவே கலியாணம் இல்லை. நீங்கள் விரும்பியபடியே எல்லாம் நடந்துவிட்டது. பிளேன் ரிக்கற் போட வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்ததும் பேதுருவும் இராசாத்தியும் இங்கே சாப்பிட வருகிறார்கள். எதற்கு என்று கேட்க வேண்டாம். பேதுருவும் அதைத்தான் கேட்டார், பசியோடு வாருங்கோ என்று மட்டும் சொன்னேன்.