பொன்னாடைக் காய்ச்சல்

ஒரு காட்டில் மிருகங்கள் எல்லாம் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டே வாழ்ந்துவந்தன. கரடி தேன் எடுத்து வந்தால் விழா. வெறுங்கையோடு வந்தால் முயற்சிக்கு ஒரு விழா. நேரம் தவறாமைக்காக ஆமைக்குக்கூட விழா எடுத்தாயிற்று. மேயத்தான் யாருக்கும் நேரமில்லை.

விழா என்றால் பொன்னாடை வேண்டாமா? காட்டில் இருந்தது ஒரே ஒரு பொன்னாடை. மலைக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் சண்டை போட்டார்கள். வெட்டுப்பட்டவர்களைவிடக் காய்ச்சலில் விழுந்தவர்கள் அதிகம். மிச்சப் பேர் பாசறையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அங்கே கிடந்த தளபதியின் சரிகைச் சால்வையைப் பொறுக்கி வந்தவர் நரியார் விழாமணி. வந்ததும் அவருக்குக் கடும் காய்ச்சல். பிழைத்து எழுந்து விழாக்குழுத் தலைவர் ஆகிவிட்டார்.

மேடையில் சால்வையைப் போர்த்துவார். விருந்தினர் படம் எடுத்துக்கொண்டு இறங்கியதும், "குடுங்க, மடிச்சுத் தர்றேன்" என்று வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான், அடுத்த விழாவுக்கும் அதே சால்வை. துவைத்தால் சரிகை கறுத்துவிடுமாம், அதனால் துவைப்பதும் இல்லை.

பாராட்டுப் பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் படுக்க ஆரம்பித்தார்கள். முதலில் சொறிந்தார்கள். பிறகு தலைவலி, நெருப்பாய்க் காய்ச்சல், உடம்பெங்கும் சிவப்புப் புள்ளி. ஆமை பிதற்றியபடி ஓட ஆரம்பித்ததைக் காடே வேடிக்கை பார்த்தது. காட்டெருமை செத்தே போயிற்று. நரியார் பொன்னாடையை அதன்மேல் போர்த்தி இரங்கல் உரை ஆற்றினார். புதைக்கும்முன் ஞாபகமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் அது குரங்கின் தோளில் ஏறியது.

சிங்கராஜா விசாரணைக் குழு அமைத்தார். குழுவினருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள், குழு படுத்துக்கொண்டது. பிறகு யாரோ வௌவால்மேல் பழி போட்டார்கள். வௌவால்களை ஒரு பகல் முழுக்க நேராக நிற்கவைத்துத் தண்டித்தார்கள். காய்ச்சல் குறையவில்லை. வௌவால்களுக்குத் தலைசுற்றல் வந்ததுதான் மிச்சம்.

அந்தக் காட்டுக்கு ஒரே டாக்டர் முள்ளம்பன்றி ஊசியம்மாள். கெட்டிக்காரர். ஆனால் மனசுக்குள் ஒரு தீராத ஏக்கம். ஒருமுறை, ஒரே ஒருமுறை, பொன்னாடை போர்த்திக்கொள்ள வேண்டும். கேட்கும்போதெல்லாம் நரியார், "கிழிஞ்சிடும் டாக்டரம்மா, ஒண்ணுதானே இருக்கு" என்பார். பாவம், டாக்டரம்மா வீட்டுக்குப் போய் வாழையிலையைப் போர்த்திப் பார்த்துக்கொள்வார்.

அந்த ஏக்கத்தால்தான் யார் யாருக்குப் பொன்னாடை கிடைத்தது என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது. காய்ச்சல்காரர்களை நினைத்துப் பார்த்தார். எல்லாம் அதே ஆட்கள்! உடனே நரியாரின் பையைத் திறந்து சால்வையைப் புரட்டினார். தையல் மடிப்புக்குள் சடைச்சி என்ற சீலைப்பேன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது.

"நீதானா?"

"நானேதான்" என்றது சடைச்சி. "எங்க பரம்பரை தெரியுமா ஒனக்கு? பெரிய பெரிய சக்கரவர்த்தி படையோட பனியில நடந்திருக்கோம். கப்பல்ல போயிருக்கோம், ஜெயில்ல இருந்திருக்கோம். எங்கெல்லாம் நெருக்கியடிச்சுக் குளிக்காம கெடக்காங்களோ, அதான் எங்க ஊரு."

"கடிச்சே கொல்றீங்களே!"

"கடிச்சா அரிக்கும், அவ்ளோதான். எங்க எச்சத்துலதான் காய்ச்சல் இருக்கு. அதைச் சொறிஞ்சு சொறிஞ்சு உள்ள தேச்சுக்கிறது யாரு? நீங்கதானே! ஒடம்பு ரொம்பச் சுட்டாலும் எங்களுக்கு ஆகாது, செத்துச் சில்லிட்டாலும் ஆகாது. அடுத்த ஆளைப் பாத்துக் கெளம்பிருவோம். அந்தக் காய்ச்சல்ல நாங்களும்தான் சாகுறோம். எங்களுக்கு எவன் இரங்கல் கூட்டம் போட்டான்?"

டாக்டரம்மா அரசவைக்கு ஓடினார். "ராஜா, நாளைக்கு உங்க பிறந்தநாள் விழாவுக்குக் காடே வரப்போகுது. அதுக்குள்ள அந்தப் பொன்னாடையைக் கொதிக்கிற தண்ணியில போட்டாகணும். இல்லேன்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்."

ராஜா நியாயமானவர். "அப்படியே ஆகட்டும். எல்லாரும் பார்க்க, விழாவிலேயே போட்டுவிடுவோம்" என்றார்.

மறுநாள் மேடைக்குப் பின்னால் பெரிய அண்டாவில் வெந்நீர் தளதளவென்று கொதித்தது. டாக்டரம்மா மேடையேறி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். கைதட்டல் அடங்கவே இல்லை. நரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! இவங்களுக்கு ஒரு மரியாதை செய்யாம விட்டா நாம மிருகங்களா? ஒரே நிமிஷம் போர்த்திட்டு, அப்புறம் அண்டாவுல போட்டுரலாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் டாக்டரம்மா வாயைத் திறந்தார். சரிகை வெயிலில் மின்னியது. காடே எழுந்து நின்று கைதட்டியது. வாழையிலைகள் ஒவ்வொன்றாய் ஞாபகத்துக்கு வந்தன. "சரி" என்று சொல்லிவிட்டார்.

பொன்னாடை தோளில் விழுந்தது. டாக்டரம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். சந்தோஷத்தில் முட்கள் அத்தனையும் சிலிர்த்து எழுந்தன. சால்வை டர்ரென்று கிழிந்து துண்டு துண்டாகப் பறந்தது.

"சரித்திரப் பொன்னாடை! எனக்கொரு துண்டு!" என்று கூட்டம் பாய்ந்தது. ராஜாவே மூன்று துண்டு பிடித்தார். முயல் கழுத்தில் கட்டிக்கொண்டது, மான் தன் குட்டிக்குத் தொட்டிலில் விரித்தது. சடைச்சியின் சொந்தபந்தம் வீட்டுக்கு வீடு குடியேறியது. அண்டாவில் வெந்நீர் சும்மா கொதித்துக்கொண்டிருந்தது.

காடே படுத்துவிட்டது. டாக்டரம்மா வெந்நீர் வாளியோடு வீடு வீடாகப் போய், "அந்தத் துண்டைக் குடுங்க" என்று கெஞ்சினார். "நீங்க போர்த்தின பொன்னாடைங்க, உயிரே போனாலும் தரமாட்டோம்" என்று எல்லோரும் காய்ச்சலோடு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சொன்னபடியே செய்தார்கள். அவர்களோடு சடைச்சியின் வம்சமும் போய்ச் சேர்ந்தது.

டாக்டரம்மாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. முள்ளில் சீலைப்பேன் தங்காது. ஒரு முள்நுனியில் சரிகை நூல் ஒன்று இன்னும் தொங்குகிறது. தினமும் மேடையேறிக் கும்பிடு போடுகிறார். கைதட்டத்தான் ஆளில்லை.

நீதி: உங்களைப் பாராட்ட யாராவது சால்வையோடு வந்தால், உடனே அண்டாவில் வெந்நீர் வையுங்கள். முதலில் சால்வையைப் போடுங்கள். அதற்குப் பிறகும் பாராட்டினால் அவரையும் போடுங்கள்.