மைக் காக்கா மெதுவாகக் கதைத்த நாள்

மருதமுனையில் இருந்து நிந்தவூர் வரைக்கும் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். மைக் காக்காவின் குரலால் ஒரு தடவையாவது பகல் தூக்கம் கெடாத ஆள் ஒருவரைக் காட்டினால், என் தையல் மெஷினை அவருக்கே எழுதித் தந்துவிடுகிறேன். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டிய பச்சை நிற ஆட்டோ. அதற்குள் ஒரு மெலிந்த மனிதர், வலது கையில் ஹேண்டில், இடது கையில் மைக். புடவைக்கடையின் பெருநாள் தள்ளுபடி, பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி, நாளைய நீர் வெட்டு என்று ஊரில் எது நடந்தாலும் அது அவர் வாயால் சொல்லித்தான் நடக்க வேண்டும். ஊருக்கே அண்ணன் முறையில் அவர் காக்கா; வாப்பா உம்மா வைத்த பெயர் என்னவென்று வாக்காளர் இடாப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

நான் சாய்ந்தமருதில் ஆட்டோக்களுக்கு சீட் தைக்கிறவன். எழுதுவது சும்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு வியாதி. அவரது ஆட்டோவுக்கு நான் தைத்த சீட்டுகளுக்குக் கணக்கில்லை என்பதால், அவரைப் பற்றி எழுத எனக்குத்தான் உரித்து.

அவர் எதையும் ஒரு தடவை மட்டும் சொல்லி யாரும் கேட்டதில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், "ஒரு பிளேன்டீ. மீண்டும் அறியத் தருகிறோம், ஒரு பிளேன்டீ" என்பார். புதிதாக வேலைக்கு வந்தவர் இரண்டு கொண்டுவந்து வைப்பார். மைக் காக்கா இரண்டையும் குடித்துவிட்டுப் போவார்.

ஒரு தடவை ஒருவரின் ஆடு காணாமல் போய்விட்டது. காலையில் இருந்து தெருத் தெருவாக, "கறுப்பு நிறம், வலது காதில் வெள்ளைப் புள்ளி" என்று அறிவித்துக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் சனங்கள் கையைக் காட்டிச் சிரித்தார்கள். தன் அறிவித்தலுக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்து அவரும் பதிலுக்குக் கையைக் காட்டிக்கொண்டே போனார். ஆடு அவரது பின் சீட்டில் நின்றுகொண்டிருந்தது. தேநீர்க் கடையில் நிறுத்தியபோது ஏறியிருக்கிறது. பகல் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, ஆடு கிடைச்சிட்டு. மீண்டும் அறியத் தருகிறோம், ஆடு கிடைச்சிட்டு. சீட்தான் இல்ல."

நான் போன கிழமைதான் தைத்துக் கொடுத்த சீட்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி ஃபரீனா, மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பெண், அமைதியே உருவானவள். விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு ஹோலுக்குள் "ஹலோ, செக்" என்று மைக்கைச் சோதிப்பதை எல்லாம் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு மன்னிப்பு. கறியில் உப்பில்லை என்று அவர் ஏதோ சொல்ல, அவள் கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்தாள். காக்காவுக்கு மனம் கேட்கவில்லை. ஆட்டோவை எடுத்தார். அவர்கள் தெரு, பக்கத்துத் தெரு, பிரதான வீதி எல்லாம் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"நேற்று இராச் சாப்பாட்டில் கணவாய்க் கறிக்கு உப்புக் குறைவு எனத் தவறாகக் கூறியமைக்காக, ஃபரீனா அவர்களிடம் அவரது கணவர் மன்னிப்புக் கோருகிறார். மீண்டும் அறியத் தருகிறோம்."

மீண்டும் அறியத் தருவதற்குள் ஊரில் எல்லாப் பெண்களும் கணவாய்க்கு எவ்வளவு உப்பு என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஃபரீனா வெளியில் தலைகாட்ட முடியாமல் போனாள். "உப்பில்லையெண்டு சொன்னத மன்னிச்சிருவன். மன்னிப்புக் கேட்டத மன்னிக்க ஏலா" என்றாள். பிரிவு கேட்டு, எங்கள் ஆட்களின் கல்யாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரிடம் போனாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் காதியாருக்கே களைத்துப்போய், பிரிவு எழுதி முடிந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைகளுக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். பிரிந்தால் அதே பெட்டியோடு வெளியே வருவான். காக்கா ஒரு பையும் இரண்டு ஒலிபெருக்கியுமாக வெளியே வந்து, தங்கச்சியின் வீட்டு வெளி விறாந்தையில் பாயைப் போட்டார்.

அவரால் தாங்க முடியாமல் போனது ஹனாவைப் பிரிந்ததைத்தான். ஏழு வயது மகள். வாப்பா என்றால் உயிர். மாதக் கணக்காக அவளைப் பார்க்கக் கிடைக்காததில், ஒருநாள் செருப்புக்கடை விளம்பரத்தைச் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூட வீதியால் போனவர், "சகலவிதமான செருப்புகளும் மலிவு விலையில், ஹனா மகள், வாப்பா வந்திரிக்கன்" என்று சொல்லிவிட்டார். வகுப்பு முழுக்க யன்னலுக்கு ஓடியது. பள்ளிக்கூட அதிபர் முறையிட, ஃபரீனாவின் ஆட்கள் முறையிட, பிள்ளையை வாப்பா பார்க்கலாமா, பார்த்தால் எங்கே, எப்போது என்பது கல்முனைக் கோட்டுக்குப் போய்விட்டது.

"வழக்குப் பேச அப்புக்காத்து ஒராளப் பிடிங்க காக்கா" என்றேன்.

"தம்பி, நான் குரல வாடகைக்கு விடுறவன். இன்னொராள்ட குரல வாடகைக்கு எடுப்பனா? நானே கதைக்கிறன். மீண்டும் அறியத் தருகிறோம், நானே கதைக்கிறன்."

ஆக, அவர் தனக்குத் தானே வாதாட ஆயத்தமானது என் கடையில். தைத்து முடித்த ஒரு சீட்டை நிமிர்த்தி வைத்துச் சாட்சிக் கூடு ஆக்கினோம். நான் நீதிபதி, கையில் தோல் தட்டுகிற சுத்தியல். ஃபரீனாவின் சட்டத்தரணியாக யாரைப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, சித்தி என்று பெயர் கொண்ட என் மனைவி பகல் சோற்றுப் பார்சலோடு வந்தாள். குறுக்கு விசாரணையில் அவளை வெல்ல இந்தக் கரையோரத்தில் ஆளில்லை. நான் பாதிக்கப்பட்டவன், எனக்குத் தெரியும்.

காக்கா எழுந்து தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த நீதிபதி அவர்களே, தாய்மார்களே, வர்த்தகப் பெருமக்களே..."

"ஆரு வர்த்தகப் பெருமக்கள்?" என்றாள் சித்தி.

அப்போதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. மைக் இல்லாமல் மனிதருக்குக் குரலே இல்லை. அவரது சொந்தக் குரல் என் தையல் மெஷின் சத்தத்தையே தாண்டாது. முதல் தடவை சொல்வது ஒருவருக்கும் கேட்காததால்தான் மனிதர் காலமெல்லாம் இரண்டு தடவை சொல்லி வந்திருக்கிறார். போதாததற்கு, இடது கையை என்ன செய்வதென்றும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு ஸ்பேனரைக் கொடுத்தேன். அதை வாய்க்குக் கிட்டப் பிடித்ததும் கொஞ்சம் தெளிந்தார்.

"கோட்டுக்குள்ள ஸ்பேனரோட விடமாட்டாங்க" என்று சித்தி அதைப் பறித்துக்கொண்டாள். "ஒரு கேள்விக்கு ஒரு பதில். ஒருக்காத்தான் சொல்லணும். விளங்கினதா?"

"ஓம் தங்கச்சி. மீண்டும்..."

"காக்கா."

"ஓம்."

நாளாக நாளாக மனிதர் தேறினார். பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஓதப் போகும் நேரம் எது, இருட்டில் தூங்குவாளா என்று சித்தி கேட்டதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னார். நான் சுத்தியலைத் தட்டித் தட்டி அவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சித்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சரி, புள்ளையக் கூட்டிட்டு எந்த வீட்டுக்குப் போவீங்க?"

காக்கா ஸ்பேனரைத் தேடினார். தங்கச்சி வீட்டு விறாந்தையில் பாயும் ஒலிபெருக்கியும்தான் இருந்தன. உள்ளே தங்கச்சியின் பிள்ளைகளுக்கே படுக்க இடமில்லை.

"அந்தக் கேள்வியக் கோட்டில கேக்க மாட்டாங்க" என்று நான் நீதிபதி என்ற முறையில் அடித்துச் சொன்னேன்.

"நீங்க இருக்கிற வீடு ஆர்ட வீடு?" என்று சித்தி என்னைக் கேட்டாள். நான் மெஷினை மிதிக்கத் தொடங்கினேன்.

வழக்கு நாள் வந்தது. காக்கா யாரோ மாப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய காற்சட்டையும் நீளக் கைச் சட்டையுமாக வந்தார். "தம்பி, தரமாட்டம் எண்டு சொல்லிட்டா நான் என்ன செய்யிற?" என்று கேட்டார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. சித்தியும் வந்திருந்தாள். தான் பழக்கிய ஆளைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்தாள்.

நீதிபதி ஒரு பெண், யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஃபரீனாவின் சட்டத்தரணி எழுந்து செருப்பு விளம்பரம் முதல் கணவாய் உப்பு வரை எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பின் வரிசை வாங்குகளில் இருந்தவர்கள் சால்வையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"பள்ளிக்கூடத்துக்கு முன்னால இப்பிடி அறிவிச்சனீங்களோ?" என்று நீதிபதி கேட்டார்.

காக்காவின் உதடு அசைந்தது.

"கொஞ்சம் சத்தமாக் கதையுங்கோ. எனக்குக் கேக்கேல்லை."

மைக் காக்காவைப் பார்த்துச் சத்தமாகக் கதைக்கச் சொன்ன முதல் மனிதப் பிறவி அவர்தான். மன்று சிரித்து அடங்க நேரமெடுத்தது.

"ஓம், கனம் கோட்டாரவர்களே. பிழைதான்" என்றார் காக்கா. ஒரு தடவைதான் சொன்னார். சித்தி என் கையை அழுத்தினாள்.

"சரி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எந்த வீட்டில வைச்சிருப்பீங்கள்?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

காக்கா தன் சொந்தக் குரலில் சொன்னார். மன்று முழுக்கக் காது கொடுத்தால்தான் கேட்கும் குரல்.

"எனக்கு வீடில்ல, கனம் கோட்டாரவர்களே. இரிந்த வீடு அவட. அதுதான் நியாயம். நாளைக்கு அது என்ட மகள்ட வீடு. அதில நான் ஒரு கல்லும் கேக்கல்ல. எனக்கு ஆட்டோ மட்டும்தான் இரிக்கி. ஆட்டோக்குள்ள புள்ளைய வெச்சிக்கொண்டு இரிக்கேலாதெண்டு எனக்கும் தெரியும். ஆனா பாக்காம இரிக்க ஏலல்ல."

பக்கத்தில் ஏதோ அசைவதை உணர்ந்து பார்த்தால், சித்தி எழுந்து நிற்கிறாள்.

"எங்கட வீடு இரிக்கி" என்றாள்.

"நீங்கள் ஆர்?" என்றார் நீதிபதி.

"நான் இவருக்கு எதிரா வாதாடினவ. கடையில."

இவ்விடத்தில் என்னை மன்றில் இருந்து வெளியே எடுத்தால் நல்லது என்று நினைத்தேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீடு உங்கட சொந்த வீடோ?"

"ஓம். என்ட வீடுதான்" என்று சொல்லி என் பக்கம் கையைக் காட்டினாள். "இவரும் அங்கதான் இரிக்கார்."

நீதிபதி ஃபரீனாவைக் கேட்டார். அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அமைதியாகச் சொன்னாள். "சித்தி ராத்தாட வீடெண்டா எனக்குச் சம்மதம். அவர் நல்ல வாப்பா. புள்ளைக்குக் காய்ச்சலெண்டா விடிய விடிய முழிச்சிரிப்பார். அந்தச் சத்தத்தத்தான் என்னால பொறுக்க ஏலா."

சனிக்கிழமைகளில் பகல் லுஹர் தொழுகையில் இருந்து அந்தி மஃரிப் தொழுகை வரைக்கும், சித்தியின் வீட்டில் என்று கட்டளை வந்தது. ஒலிபெருக்கி அந்த வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்றும் வந்தது. வெளியே வந்தோம். எங்கள் பேச்சாளர் அன்று முழுக்கப் பேசிக் களைத்திருந்தார். அவரை ஆட்டோவில் ஏற்றி நானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் சனிக்கிழமை ஆட்டோவை என் கடையில் விட்டுவிட்டு, அத்தர் பூசிக்கொண்டு நடந்தே வந்தார். ஃபரீனா பிள்ளையைக் கொண்டுவந்து கேற்றடியில் விட்டுவிட்டுப் போனாள். ஹனா ஓடிவந்து அவரது இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு மனிதர் வாயே திறக்கவில்லை. ஒரு சத்தம் கூடிப்போனால் பிள்ளையைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்ற பயம். இனிப்புத் தொதலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அவளுக்கு முன்னால் வைத்துக்கொண்டே இருந்தார்.

"வாப்பா, மைக் எங்க?"

"கோட்டில வேணாமெண்டிட்டாங்க, மகள்."

ஹனா யோசித்தாள். குசினிக்குள் போய்ச் சித்தியின் அகப்பையை எடுத்துவந்து அவரது வாய்க்கு நேரே பிடித்தாள். "இதில கதைங்க. இது சத்தம் போடாது."

காக்கா எங்களைப் பார்த்தார். நான் சுத்தியல் இல்லாமலே தலையாட்டி அனுமதி கொடுத்தேன். அவர் அகப்பைக்கு மெல்லச் சொன்னார். "இங்கு பிள்ளைகளுக்குத் தொதல் இலவசமாக வழங்கப்படுகிறது. மீண்டும் அறியத் தருகிறோம், பல் துலக்கும் பிள்ளைகளுக்கு மட்டும்." ஹனா தரையில் விழுந்து புரண்டு சிரித்தாள். அந்தப் பின்னேரம் எங்கள் வீட்டில் நடந்த அறிவித்தல்களை எழுதப் போனால் பத்திரிகையில் இடம் காணாது. சித்திக்கு இரவுச் சமையல் பிந்தியது. அகப்பை கிடைத்தால்தானே.

மஃரிபுக்கு முன் ஃபரீனா வந்தாள். ஹனா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேற்றுக்கு வெளியே போனாள். போனவள் திரும்பி நின்று, இல்லாத மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"அன்பார்ந்த வாப்பா அவர்களே, வாற சனிக்கிழமையும் நான் வருவன். மீண்டும் அறியத் தருகிறோம், வாற சனிக்கிழமையும் நான் வருவன்."

ஃபரீனா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன்.

அவர்கள் மூலை திரும்பும் வரைக்கும் காக்கா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. தொழப் போக வேண்டும், மனிதர் அசையவில்லை.

"தம்பி, புள்ள என்ன சொன்னா?"

அவருக்குக் கேட்காமல் இல்லை. எதிர்வீட்டுக் கோழிக்கே கேட்டது. இருந்தாலும் சொன்னேன். "வாற சனிக்கிழமையும் வருவாவாம், காக்கா."

"இன்னொருக்காச் சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். பள்ளிக்குப் போகிற வழியில் திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். எனக்கும் அலுக்கவே இல்லை.