டிரம்பெட்டுக்கு வந்த காய்ச்சல்

முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே டிரம்பெட்டின் சுருதி கீபோர்டை விட்டு மேலே ஏறிவிட்டது.

"என்னய்யா இது? கீபோர்டு ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போறே!" டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பேண்டு மாஸ்டர் பல்லைக் கடித்தார். "போன கச்சேரியிலயே சொல்லிட்டேன். இன்னிக்கும் சுருதி விலகுச்சுன்னா டிரம்பெட்டுக்கு வேற ஆள்தான். நீ ஸ்பீக்கர் தூக்கு."

டிரம்பெட்காரர் உதட்டைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். பூங்கா திறப்பு விழா. முன்வரிசையில் மனைவி. இவர் மேடையில் வாசித்து அவள் கேட்க வந்தது இதுதான் முதல் தடவை. பாழாய்ப்போன பந்தலோ பாதி மேடைக்குத்தான் நிழல் தந்தது. அந்த நிழலில் கீபோர்டும் அதை வாசிக்கும் மைத்துனனும் ஜம்மென்று இருக்க, இவர் உச்சி வெயிலில் நின்றார். டிரம்பெட்டும் அதற்குள்ளிருக்கும் காற்றும் சூடேறினால் சுருதி உயரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

கீபோர்டுக்கு அந்தக் கவலையே கிடையாது. கரண்ட்டில் பாடுகிற சாமானுக்கு வெயிலாவது, மழையாவது! மாறவேண்டியது தான்தான் என்று முடிவு கட்டினார். சுருதிக் குழாயை ஒரு விரற்கடை வெளியே இழுத்தார். குழாய் நீண்டால் சுருதி இறங்கும்.

இறங்கியது. இரண்டாம் பாட்டில் அதலபாதாளத்துக்கே போய்விட்டது.

"கிணத்துக்குள்ள நின்னு ஊதறியா?" என்றார் மாஸ்டர்.

"மாப்ள, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"ரொம்பக் கீழ போயிட்டீங்க மாமா!" பேயறைந்த முகத்தோடு சொன்னான் மைத்துனன். அவன் கையும் பட்டன்களில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

குழாயை உள்ளே தள்ளினார். மூன்றாம் பாட்டில் டிரம்பெட் மறுபடியும் மேலே போய் வீறிட்டது.

விடுவாரா? மேடையிலிருந்து குதித்தார். குளிர்பானக் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஐஸ் வாங்கினார். துண்டில் சுற்றி டிரம்பெட்டுக்கு ஒத்தடம் கொடுத்தார்.

"ஏங்க, அதுக்கென்ன காய்ச்சலா?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. இன்னிக்கு அதுவா நானான்னு பார்த்துடறேன்."

நான்காம் பாட்டில் டிரம்பெட் ஜன்னி கண்டதுபோல் முனகியது. ஐஸைத் தூக்கி எறிந்தார். கொதிக்கும் இரும்புப் படியில் டிரம்பெட்டைக் கிடத்தி, ரொட்டி சுடுகிற மாதிரி புரட்டிப் புரட்டிச் சூடாக்கினார். கடைசிப் பாட்டு இருக்கிறது. அதிலாவது மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதினார்.

விழாத் தலைவரே காதைப் பொத்திக்கொண்டார்.

மாஸ்டர் குச்சிகளைக் கீழே போட்டார். "போதும்யா சாமி. போய் ஸ்பீக்கரைத் தூக்கு."

"என்னால ஆனதெல்லாம் பண்ணிட்டேன் மாஸ்டர். எங்க தப்பு நடக்குதுன்னே தெரியல." சொல்லும்போதே டிரம்பெட்காரருக்குக் கண் கலங்கியது. ஸ்பீக்கரிடம் போய்க் குனிந்தார்.

மைத்துனன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து அவர் கையைப் பிடித்தான்.

"மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க மாஸ்டர்! அவர் ஏறினப்பல்லாம் அடுத்த பாட்டுக்குக் கீபோர்டு சுருதியை நானும் ஏத்தி வச்சேன், இறங்கினப்பல்லாம் இறக்கி வச்சேன். 'மாமா கொஞ்சம் முன்னப்பின்ன இருப்பார், நீதான் அனுசரிச்சுப் போகணும்'னு அக்கா காலையிலயே சொல்லி அனுப்பிச்சா!"