எட்டேழு ஐம்பத்து நாலு

பாசமும் பயமும் கலந்த மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். முக்கியமாக என் மகளின் வயிறு சுகம். அண்ணியும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கணக்குப் பாடம் என்றாலே காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் மூன்றாம் வகுப்புக்காரியை, நீங்கள் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியில் சேர்த்து, உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி போன மாதம் கெஞ்சியிருந்தேன். நீங்களும் பெரிய மனதோடு இடம் பிடித்து வைத்தீர்கள். அதற்குள் இங்கே ஒரு புது டீச்சர் வந்து சேர்ந்தார். வாய்ப்பாட்டுக் கூச்சல் கிடையாது, பிரம்பு கிடையாது, பிள்ளைகள் ஆளுக்கொரு டப்பாவில் சட்டைப் பொத்தான் கொண்டுபோக வேண்டுமாம். யார் என்ன விடை சொன்னாலும், சரியோ தப்போ, பலகையில் எழுதிவிட்டு, "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்பாராம். வயிற்று வலி போய்விட்டது என்னவோ உண்மைதான். ஆனால் வாய்ப்பாடு கேட்டால் என் மகள் பொத்தான் டப்பாவைத் திறக்கிறாள்! எனக்கு வந்ததே கோபம், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் சிமெண்டோடு சண்டைக்குப் போனேன்.

டீச்சர் என்னைக் குட்டி பெஞ்சில் உட்கார வைத்தார். முழங்கால் தாடையில் இடித்தது. "நீங்க டைல்ஸ் பதிக்கிறவராமே? பிள்ளைங்களுக்கு ஒரு கணக்குக் குடுங்க" என்றார். வரிசைக்கு எட்டுக் கல், ஏழு வரிசை, மொத்தம் எத்தனை என்று மிடுக்காகக் கேட்டேன். என் மகளே எழுந்தாள். "அஞ்சு வரிசைக்கு நாப்பது, ரெண்டு வரிசைக்குப் பதினாறு. அம்பத்தாறு."

"தப்பு! அம்பத்து நாலு!" என்று கத்தினேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. பலகையில் 54 என்றும் எழுதினார். "அப்பாவுக்கு இது எப்படி வந்துச்சு?"

"எங்க அண்ணன் அடிச்சதுல வந்துச்சு" என்றேன். வேறென்ன சொல்வது?

மகள் பலகையில் கட்டம் போட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். ஐம்பத்தாறில் நின்றாள். அண்ணா, இருபது வருஷமாக அந்த அளவுத் தரைக்கெல்லாம் எனக்கு இரண்டு கல் குறையும். கடைக்காரன் திருடுகிறான் என்று மூன்று கடை மாற்றியிருக்கிறேன்! தலை குனிந்தேன். முன்வரிசைப் பொடியன் ஒருவன், "பரவால்ல மாமா, நேத்து நான் அம்பத்திரண்டு சொன்னேன்" என்று ஆறுதல் சொன்னான்.

திரும்பி வரும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் பெரியப்பா வீட்டுக்குப் போகணுமா?" என்றாள். "வேண்டாம்டா கண்ணு" என்றேன். நடுத்தெருவில் அழுதுவிட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. ஆகவே தயவுசெய்து அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். இனி இந்த வீட்டில் கணக்கைக் கண்டு பயப்பட யாருமில்லை.

அண்ணிக்கு வணக்கம். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும், கொஞ்சம் தூரத்திலிருந்து.

அன்புத் தம்பி

பின்குறிப்பு: இப்போதுதான் மகள் ஒரு சீட்டு நீட்டினாள். புதன்கிழமைதோறும் பெற்றோருக்கும் கணக்கு வகுப்பாம், முதல் ஆளாக என் பெயர். எனக்கு வயிறு வலிக்கிறது. அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நானே வருகிறேன்.