கண்டி பஸ்ஸில் ஓர் உள்ளிருப்புப் போராட்டம்

கண்டி நகரத்தில், ஒரு ரத்தினக்கல் கடைக்கு முன்னால் நின்ற பஸ்ஸுக்குள் நான் உள்ளிருப்புப் போராட்டம் அறிவித்தேன். அறிவித்த காரணம் கடை. அறிவிக்காத காரணம் என் மனைவி சொர்ணாம்பாள். அவள் காலையிலிருந்து இன்னொருவன் பேச்சை வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தில்லைநாயகம். திருநெல்வேலி பேட்டையில் ஒரு மில் வாசலில் முப்பத்தொரு வருஷம் கூட்டம் போட்டவன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. மற்ற படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரம். முதலில் வாசித்தேன், பிறகு நானே எழுதினேன். ஆறு தடவை பாளையங்கோட்டைச் சிறை. எனக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை; ஒலிபெருக்கிக்குத்தான் நான் தேவைப்பட்டேன். இப்போது தொழிற்சங்கத்தில் எனக்கு நன்றியுரை மட்டும் தருகிறார்கள். அது வரும்போது கூட்டத்தில் ஜமுக்காளம் சுருட்டுகிறவர் ஒருவர்தான் மிச்சம் இருப்பார். அவரும் "சட்டுன்னு முடிங்க அண்ணாச்சி" என்பார்.

இத்தனை வருஷத்தில் சொர்ணம் என் கூட்டத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அன்றும் பாதியில் எழுந்து போய்விட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தாளாம். நான் ஏகாதிபத்தியத்தை வீழ்த்திக்கொண்டிருந்த நேரம் அது. பால் பொங்கவில்லை. நான்தான் அடங்கிப்போனேன்.

இலங்கைப் பயணத்துக்கு மகள் விஜயஸ்ரீ டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் நெல்லைக்காரர்கள். அன்றைக்குக் கொழும்பிலிருந்து கண்டிக்கு ஒருநாள் சுற்றுலா. வழிகாட்டியின் பெயர் நேசையா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில் மைக்.

பஸ் கிளம்பிப் பத்து நிமிஷத்தில் பக்கத்தில் இருந்த சொர்ணம் எழுந்தாள்.

"எங்கட்டி போற?"

"முன் சீட்டுக்கு. இங்கன சரியாக் கேக்கல."

"நான் பேசுதது கேக்குதுல்லா?"

"அது எங்கன இருந்தாலும் கேக்கும்."

போய்விட்டாள். ஐந்தாம் வரிசையில் நானும் அவள் பையும் மட்டும்.

"அக்கா, உங்கட ஊர் ஆற்றின் பெயர் என்ன?" என்றான் நேசையா.

"தாமிரபரணி."

"இந்தத் தீவுக்கும் பழைய காலத்தில் ஏறக்குறைய அதே பெயர்தான் அக்கா. தாம்பபண்ணி என்று சொல்வார்கள். அப்ப நாங்கள் ஒரே பெயர்க்காரர்."

சொர்ணம் திரும்பி ஐந்தாம் வரிசையைப் பார்த்தாள். "ஏங்க, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல?"

"சந்தர்ப்பம் வரல."

"முப்பத்தெட்டு வருஷமா அந்த ஆத்துத் தண்ணியத்தான குடிக்கோம். ஒரு சந்தர்ப்பம் கூடவா வரல?"

பஸ் சிரித்தது. பாளையங்கோட்டை தேவமணி டீச்சரின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. அவர் கணவர் இஸ்ரவேல் சிரிக்கவில்லை; அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அதுதான்.

அதோடு விட்டாளா? கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நேசையா சொல்லச் சொல்லக் குறிப்பு எழுத ஆரம்பித்தாள். எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். என் சர்க்கரை வியாதிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. அதன் பின்புறத்தில் சிங்கள மன்னர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சொர்ணத்தை அவன் 'அக்கா' என்கிறான். என்னை 'ஐயா' என்கிறான். எனக்கும் அவளுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். ஒரே மூச்சில் ஒரு தலைமுறையைப் பிரித்துவிட்டான்.

யானைகள் ஆற்றில் குளிக்கும் இடத்தில் இறங்கினோம். நல்ல மழை. கூட்டம் கலையாமல் இருக்க நேசையா ஒரு சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தான். அங்கே வேறொரு வழிகாட்டியும் சிவப்புக் குடை வைத்திருந்தது என் குற்றமல்ல. முப்பத்தொரு வருஷம் சிவப்பின் பின்னால் போனவன் நான். நிறத்தைத்தான் பார்ப்பேன், பிடித்திருப்பது யார் என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. சங்கத்திலும் அப்படித்தான் ஏமாந்தேன். என்னை நம்பி ஆறு பேர் பின்னால் வந்தார்கள். ஏழு பேரும் காலி என்கிற கடற்கரை ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி வசதியாக உட்கார்ந்துவிட்டோம்.

அரைமணி நேரம் கழித்து ஜன்னலில் சொர்ணத்தின் முகம் தெரிந்தது. பக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்த நேசையா.

"நெல்லைக்காரங்க எல்லாம் எறங்குங்க," என்றாள். "காலி ஊருல கடலுதான் இருக்கு. கண்டி அந்தப் பக்கம்."

"ஐயா, பயந்துபோனீங்களா?" என்று சிரித்தான் நேசையா.

ஆறு தடவை சிறை போனவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

பேராதனைப் பூந்தோட்டத்தில் பதிலடி கொடுக்கத் தீர்மானித்தேன். ஒரு பெரிய ஆலமரத்தடியில் நின்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை என் பழைய குரலில் தொடங்கினேன். நின்று கேட்டவர்கள் மூன்று பேர். இருவர் ஜப்பானியர், படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாமவர் இஸ்ரவேல். அவருக்குக் கால்வலி. சொர்ணம் எங்கே என்று பார்த்தேன். ஆர்க்கிட் பூக்கள் பக்கத்தில் நின்று நேசையாவிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல கேள்வி கேட்டீங்கள் அக்கா!"

என்னிடம் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். மாத்திரை போட்டாச்சா?

நல்லவேளையாக, நேசையா ஒரு தவறு செய்தான். மூலிகைத் தோட்டம் என்று ஒரு தைலக் கடைக்குக் கூட்டிப்போனான். அப்புறம் மரச்சிற்பக் கடை. மணி நாலரை ஆனபோது பஸ் ஒரு ரத்தினக்கல் கடை முன் நின்றது. ஆறரைக்கு, புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையில் பூசை. அதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தோம். அது கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

பஸ்ஸில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த ஓசை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷம் என்னைச் சோறில்லாமல் வாழவைத்த ஓசை.

எழுந்தேன். "யாரும் எறங்கக் கூடாது! கோரிக்கை மூணு. ஒண்ணு, இனிமே கடை கெடையாது. ரெண்டு, நேரா தலதா மாளிகை. மூணு, வழிகாட்டியை மாத்தணும். பெரும்பான்மை முடிவுக்கு எல்லாரும் கட்டுப்படணும். சம்மதிக்கவங்க கையைத் தூக்குங்க!"

முதலில் எழுந்த கை சொர்ணத்தின் கை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேசையா மைக்கை வைத்துவிட்டு இறங்கி மழையில் நின்றான்.

"நான் போய்ப் பேசிட்டு வாரேன்," என்றேன்.

"இரிங்க அண்ணாச்சி," என்றார் தேவமணி டீச்சர். "சொந்தப் பகை உள்ளவன் பேச்சுவார்த்தைக்குப் போனா காரியம் கெட்டுப்போவும்னு காலைல இடியாப்பம் சாப்பிடுதப்ப நீங்கதான சொன்னிய?"

"எனக்கென்ன பகை?"

"பஸ்ஸே பாத்துக்கிட்டுத்தான அண்ணாச்சி வருது."

இஸ்ரவேல் விழித்துக்கொண்டார். தவறான நேரத்தில்தான் அவர் விழிப்பார். "சொர்ணக்காவை அனுப்புங்க வே. அவங்க சொன்னா அந்த ஆளு கேப்பான்."

கைகள் எழுந்தன. சொர்ணம் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன். ஒரே குடைக்குள் இரண்டு பேர். என் போராட்டம், என் கோரிக்கை, என் மனைவி. குடை மட்டும் அவனுடையது. மறுபடி ஆவி படிந்தது. மறுபடி துடைத்தேன். சிரிக்கிறார்கள்! பேச்சுவார்த்தையில் சிரிப்புக்கு என்ன வேலை? மில் முதலாளி எதிரில் நான் ஒருநாளாவது பல்லைக் காட்டியிருப்பேனா? பதினேழு நிமிஷம். அப்புறம்தான் கவனித்தேன். பேசிக்கொண்டிருந்தது அவள். கேட்டுக்கொண்டிருந்தது அவன்.

திரும்பி வந்து மைக்கை எடுத்தாள்.

"கடை கெடையாது. நேரா தலதா மாளிகைக்குப் போறோம். அஞ்சே முக்காலுக்கு உள்ள இருப்போம். மூணாவது கோரிக்கையை விட்டுக் குடுத்தாச்சு. எல்லாத்தையும் கேட்டா ஒண்ணும் கெடைக்காது. விட்டுக் குடுக்கதுக்குன்னே ஒண்ணைச் சேத்துக் கேக்கணும்."

பஸ் அதிரக் கைதட்டியது. நான் திகைத்துப்போனேன். இது என் தந்திரம். எழுத்துக்கு எழுத்து என்னுடையது.

"ஏட்டி, இதை எங்கன படிச்ச?"

"நல்லாருக்கே. ஒவ்வொரு கூட்டத்துக்கு முந்தியும் குளிக்கப்ப முழுசாப் பேசிப் பாப்பியல்லா? செவுத்துக்கு இந்தப் பக்கம் நான்தான சமைச்சிக்கிட்டு இருந்தேன்."

முப்பத்தொரு வருஷமும் கேட்டிருக்கிறாள்! "அப்பம் கூட்டத்துக்கு ஏன் வரல?"

"அதான் வீட்டுலயே கேட்டாச்சே. ரெண்டு தடவை யாரு கேக்கது?"

பிறகு மைக்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. கடைக்குப் போகலைன்னா கம்பெனியில அவரை ஏசுவாங்களாம். அதனால நம்ம இருபத்திரண்டு பேரும் அவரைப் பாராட்டி ஒரு கடுதாசி குடுக்கோம்னு ஒத்துக்கிட்டேன்."

"யாரு எழுதுவா?"

"நீங்கதான். எழுத்து உங்க வேலைல்லா?"

"அவனைப் பாராட்டியா? என் பேனா வளையாது."

"கையைத் தூக்கச் சொல்லட்டுமா?"

சொல்லத் தேவையே இருக்கவில்லை. என்னைத் தவிர இருபத்தொரு பேரும் தூக்கிவிட்டார்கள். இஸ்ரவேல் இரண்டு கையையும் தூக்கினார்.

மட்டமாக எழுதுவது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மட்டமாக எழுத என் கைக்குத் தெரியாது. முதல் வரி தானாக நிமிர்ந்து நின்றது. இரண்டாம் வரி முழங்கியது. அவன் அறிவை எழுதினேன். தொலைந்த ஏழு பேரைக் கொட்டும் மழையில் தேடி வந்ததை எழுதினேன். திட்டாமல் சிரித்ததை எழுதினேன். அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் நான்கு வரி வந்துவிட்டது. எழுத எழுத எனக்கே அவன்மேல் மரியாதை ஏறியது. எழுத்தாளனுக்கு இது ஒரு சாபம்.

"மைக்கில வாசிங்க," என்றாள்.

வாசித்தேன். பழைய குரல் எங்கிருந்தோ வந்தது. ஒருவர் அசையவில்லை. முடித்ததும் நேசையா கண்ணைத் துடைத்துக்கொண்டான். சொர்ணம் முன் சீட்டிலிருந்து எழுந்து, ஐந்தாம் வரிசைக்கு வந்து, பையை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணிலும் ஈரம்.

"இன்னொரு தடவை வாசிங்க," என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்திருந்தேன்! தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"முதல்ல இருந்தா?"

"முதல்ல இருந்து வேண்டாம். அவரு சிரிப்பைப் பத்தி எழுதியிருக்கியல்லா, அங்கன இருந்து."